எடுக்கப்படாத படம்: யசுஜிரோ ஓசுவின் கலைவாழ்வில் சிங்கப்பூர்க் காலம்

முன்னுரை

உலகத் திரைப்பட வரலாற்றில் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவுக்கு (1903–1963) உரிய இடம் இன்று ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றுவிட்டது. அவர் 1953ஆம் ஆண்டில் இயக்கிய ‘டோக்கியோ கதை’, பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் இதழ் 2012ஆம் ஆண்டில் உலகத் திரைப்பட இயக்குநர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது. குடும்பம், முதுமை, மகளின் திருமணம், பெற்றோரின் தனிமை ஆகியவற்றைப் பாடுபொருளாகக் கொண்ட அமைதியான கலைஞர் என்பதே அவரைப் பற்றிப் பொதுவாக நிலவும் மதிப்பீடாகும்.

இம்மதிப்பீடு தவறானதன்று. ஆயினும், அது முழுமையானதும் அன்று. ஓசு தம் வாழ்நாளில் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகளைப் போரின் பொருட்டு ஜப்பானுக்கு வெளியே கழித்தவர். அவற்றுள் 1943 முதல் 1946 வரையிலான காலத்தை அவர் சிங்கப்பூரில் கழித்தார். அங்கு அவருக்கு இடப்பட்ட பணி, இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றியும் இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றியும் ஒரு படம் எடுப்பதாகும். அப்படம் எடுத்து முடிக்கப்படவில்லை. மலாயா, சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றுடன் நேரடித் தொடர்புடைய இச்செய்தி, ஓசுவைப் பற்றிய நூல்களில் பெரும்பாலும் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடுகிறது. ஓசுவின் கலைவாழ்வை நிரல்படச் சுருக்கியுரைத்து, அதில் இச்சிங்கப்பூர்க் காலம் பெறும் பொருளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் தொடக்ககாலப் படங்களும்

ஓசு 1903ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் டோக்கியோவின் புகாகவா வட்டாரத்தில், உர வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஏறத்தாழப் பத்து வயதில், தாயுடனும் உடன்பிறந்தாருடனும் மியே மாநிலத்து மட்சுசாகாவுக்கு அனுப்பப்பட்டார். தந்தையார் வணிகத்தின் பொருட்டு டோக்கியோவிலேயே தங்கிவிட்டார். தந்தை ஓரிடத்திலும் பிள்ளைகள் வேறோர் இடத்திலும் வாழ நேர்ந்த இப்பிரிவு, பின்னாளில் அவர் படங்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் ஒரு நிலையாயிற்று. உயர்கல்விக்கான நுழைவுத்தேர்வுகளில் தேர்ச்சி பெறாத அவர், மலைக்கிராமப் பள்ளி ஒன்றில் ஏறத்தாழ ஓராண்டு தற்காலிக ஆசிரியராகப் பணியாற்றினார். ஆசிரியர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அவர்தம் படங்களில் பெற்றுள்ள இடத்தை நோக்குகையில் இதுவும் நினைவிற்கொள்ளத்தக்கது.

1923ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் ஷோச்சிகு நிறுவனத்தின் கமாத்தா படப்பிடிப்பு நிலையத்தில் ஒளிப்பதிவு உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்த மாதமே பெரும் நிலநடுக்கம் டோக்கியோவை அழித்தது. 1927இல் அவர் முதன்முதலாக இயக்கிய ‘கழிவிரக்க வாள்’ என்னும் படம் வாள்வீரர் காலத்துக் கதை. அவ்வகையில் அவர் எடுத்த ஒரே படமும் அதுவே. அதன் படி எதுவும் இன்று எஞ்சவில்லை. ஓசு இயக்கிய 54 படங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு அழிந்துபோயிற்று.

பேசாப்படக் காலத்திலேயே அவருடைய ஆற்றல் வெளிப்பட்டது. ‘பிறந்தோம், ஆனாலும்’ (1932), ‘கணநேர ஆசை’ (1933), ‘மிதக்கும் பாசியின் கதை’ (1934) ஆகிய மூன்றும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ‘கினேமா ஜும்போ’ இதழின் தரவரிசையில் முதலிடம் பெற்றன. அலுவலக மேலாளரின் முன் தந்தை கோமாளியைப்போல் நடந்துகொள்வதைக் கண்டு பட்டினி கிடந்து எதிர்ப்புக் காட்டும் இரு சிறுவரின் கதையே முதற்படம். 1936இல் வெளிவந்த ‘ஒரே மகன்’ அவருடைய முதல் பேசும்படம். பட்டாலையில் உழைத்து மகனைப் படிக்கவைத்த கைம்பெண் ஒருத்தி, அவன் டோக்கியோவில் இரவுப்பள்ளி ஆசிரியராக வறுமையில் வாழ்வதைக் காண்கிறாள். கல்வி முன்னேற்றத்தைத் தரும் என்னும் நம்பிக்கையின் விலையை இவ்வளவு கனிவோடும் கடுமையோடும் காட்டிய படங்கள் குறைவு எனலாம்.

ஓசுவின் திரைமொழி இக்காலத்தில் உருவாகத் தொடங்கிப் போருக்குப் பின் முழுமை பெற்றது. தரையிலிருந்து சற்றே உயர்ந்த நிலையில் வைக்கப்பட்ட ஒளிப்படக் கருவி, பிற்காலத்தில் ஏறத்தாழ முற்றிலும் அசைவற்றுப்போன காட்சிச் சட்டகம், உரையாடுவோரை நேர்முகமாகக் காட்டும் முறை, ஒரு காட்சிக்கும் மறு காட்சிக்கும் இடையே மனிதரற்ற கூடங்கள், காயும் துணிகள், புகைபோக்கிகள் முதலியவற்றைச் சில நொடிகள் காட்டும் முறை ஆகியன அதன் கூறுகள். திருமணம், மரணம் போன்ற பெரு நிகழ்ச்சிகளைக் காட்டாது விடுத்து, அவற்றின் முன்னும் பின்னுமான பொழுதுகளை மட்டும் காட்டுதல் அவருக்கே உரிய உத்தி. காட்டப்படாதது எது என்பதை வினவாமல் ஓசுவை அறிய இயலாது. இவ்வினாவையே அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்கும் நாம் பொருத்திப் பார்க்கவேண்டியுள்ளது.

சீனப் போர்முனை

1937ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஓசு இராணுவத்திற்கு அழைக்கப்பட்டுச் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் சேர்ந்த படைப்பிரிவு நச்சுவாயுப் போர்முறைக்கென அமைந்தது. நான்கிங் நகர் வீழ்ந்த காலத்தில் அவர் அப்பகுதிப் படைகளுடன் இருந்தார். அவருடைய நண்பரும் இளம் இயக்குநருமாகிய சடாவோ யமனகாவும் அதே போருக்கு அனுப்பப்பட்டு, 1938 செப்டம்பரில் சீன மருத்துவ முகாமில் நோயுற்று இறந்தார். ஓசு 1939இல் நாடு திரும்பினார்.

திரும்பியபின் அவர் எழுதிய திரைக்கதை ‘பச்சைத் தேநீர்ச் சோற்றின் சுவை’. முதலில் ‘அவர் நான்கிங் செல்கிறார்’ எனப் பெயரிடப்பட்டிருந்த இக்கதையைத் தணிக்கையாளர்கள் ஏற்கவில்லை. போருக்குப் புறப்படும் கணவன் முதல்நாள் இரவு மனைவியுடன் எளிய தேநீர்ச் சோற்றை உண்பதா, மங்கல நிகழ்வுக்குரிய சிவப்பு அவரைச் சோற்றையன்றோ உண்ணவேண்டும் என்பது அவர்கள் கூறிய குறைகளுள் ஒன்று. ஓசு அத்திரைக்கதையைத் திருத்தாமல் கைவிட்டார்.

அடுத்து வந்த இரு படங்களும் வேறு வகையின. ‘தோடா குடும்பத்து உடன்பிறப்புகள்’ (1941) கைம்பெண்ணான தாயைப் பிள்ளைகள் மாறி மாறித் தள்ளிவிடும் கதை. ‘ஒரு தந்தை இருந்தார்’ (1942) பள்ளிச் சுற்றுலாவில் மாணவன் ஒருவன் நீரில் மூழ்கி இறந்தமைக்குப் பொறுப்பேற்றுப் பணி துறக்கும் ஆசிரியரின் கதை. கடமையைக் கருதி மகனைப் பிரிந்தே வாழும் அத்தந்தையின் அறிவுரைகள், அக்கால அரசு விரும்பிய தன்னல மறுப்புக் கொள்கைக்கு இசைவாகவும் ஒலிக்கின்றன. சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டு மாதங்களில் இப்படம் திரைக்கு வந்தது. ஓசுவைப் போரெதிர்ப்பாளர் என்றோ போர் ஆதரவாளர் என்றோ ஒரு சொல்லில் அடக்கிவிட இப்படங்கள் இடம் தரவில்லை.

சிங்கப்பூரில் ஓசு

1942இல் பர்மாப் போரைப் பற்றிய ஒரு படத்திற்காக ஓசு திரைக்கதை ஒன்றை உருவாக்கினார். அது கைவிடப்பட்டது. 1943 ஜூனில் அவர் இராணுவத்தின் படப்பிரிவுப் பணிக்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். ‘டில்லியை நோக்கி’ என்னும் பொருளுடைய தலைப்பு அப்படத்திற்கு இடப்பட்டிருந்தது. அவருடன் பணியாற்றியோருள் ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுதாவும் எழுத்தாளர் ரியோசுகே சைத்தோவும் குறிப்பிடத்தக்கோர்.

அக்காலச் சிங்கப்பூரின் நிலையை இங்குச் சுருக்கமாக நினைவுகூர்தல் தகும். ஓசு வந்த சில வாரங்களில், 1943 ஜூலை 2ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரை அடைந்தார். ஜூலை 4இல் கெத்தே கட்டடத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ராஷ் பிகாரி போஸ் இந்திய விடுதலைக் கழகத்தின் தலைமையை அவரிடம் ஒப்படைத்தார். மறுநாள் பாடாங் திடலில் நடந்த அணிவகுப்பில் ‘டில்லி சலோ’ என்னும் முழக்கம் எழுந்தது. அக்டோபர் 21ஆம் நாள் அதே கெத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. ஓசுவின் படத்தலைப்பு இம்முழக்கத்தோடு ஒட்டியது என்பது வெளிப்படை.

போஸின் அழைப்பை ஏற்று இராணுவத்தில் சேர்ந்த மலாயாப் பொதுமக்களுள் தமிழர் பெருந்தொகையினர். அவர்களுள் பலர் இரப்பர்த் தோட்டத் தொழிலாளர். கேப்டன் லட்சுமி தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையில் இந்தியாவையே கண்டிராத தோட்டப்புறப் பெண்களும் இடம்பெற்றனர். அதே 1943இல்தான் சயாம்–பர்மா இரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவராகக் காடுகளில் மாண்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை அவ்வாண்டு அக்டோபரில் இணைக்கப்பட்டது. ஒரே சமூகத்தினருள் ஒரு பகுதியினர் ஜப்பானின் துணையோடு விடுதலைப் படையில் அணிவகுக்க, மற்றொரு பகுதியினர் ஜப்பானின் கட்டளையால் மடிந்தனர். ஓசு படமாக்க அனுப்பப்பட்டது இவ்விரண்டனுள் முதலாவதை மட்டுமே.

படப்பணி நெடுந்தொலைவு செல்லவில்லை. 1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்பு அவ்வாண்டு ஜூலைக்குள் பெருந்தோல்வியில் முடிந்தது. டில்லியை நோக்கிய பயணமே முறிந்தபின் அதைப் பற்றிய படத்திற்கும் பொருளில்லாது போயிற்று. ஓசுவின் குழுவினர்க்கு ஓய்வு மிகுந்தது. கெத்தே கட்டடத்தில் ஜப்பானியர் கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கப் படங்களை ஓசு அக்காலத்தில் திரையிட்டுக் கண்டார். ‘சிட்டிசன் கேன்’, ‘கான் வித் தி விண்ட்’, ‘ஃபேன்டேசியா’ முதலியன அவற்றுள் அடங்கும். பகைநாட்டுப் படங்கள் ஜப்பானில் தடைசெய்யப்பட்டிருந்த வேளையில், தற்காலிக இந்திய அரசு அறிவிக்கப்பட்ட அதே கட்டடத்தில், ஜப்பானின் தேர்ந்த இயக்குநர் ஒருவர் அமெரிக்கக் கலையைக் கற்றுக்கொண்டிருந்தார்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும், படத்திற்கென எழுதப்பட்டவையும் எடுக்கப்பட்டிருந்த படச்சுருளும் எரிக்கப்பட்டன என்பது அவருடன் இருந்தோர் வழியாக வந்துள்ள செய்தி. ஓசு ஏனைய ஜப்பானியக் குடிமக்களுடன் முகாமில் வைக்கப்பட்டார். அங்கு இரப்பர்த் தோட்ட வேலை செய்தார். முகாமிலிருந்தோர்க்கான செய்தித்தாள் பணியிலும் பங்கேற்றார். தாயகம் திரும்பும் கப்பலில் இடம் குறைவாக இருந்தபோது, சீட்டில் தம் பெயர் வந்தும் அவ்விடத்தைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்தார் என்று கூறப்படுகிறது. 1946 பிப்ரவரியில் அவர் ஜப்பானை அடைந்தார்.

இந்நிகழ்வை இரு வகையாகப் பொருள்கொள்ளும் போக்கு உண்டு. ஓசு பரப்புரைப் படம் எடுக்க விரும்பாமலேயே காலம் தாழ்த்தினார் என்று கொள்வது ஒன்று. அஃது அவருடைய கலைவாழ்வோடு தொடர்பற்ற வெறும் இடைவெளி என்று கொள்வது மற்றொன்று. முதலாவதற்கு, அவர் இப்பணியை ஏற்று வந்ததும் தடையாக நின்றது இம்பால் தோல்வி என்பதும் முரணாக உள்ளன. சூழலின் விளைவை மனத்திட்பத்தின் விளைவாக மாற்றியுரைப்பது வரலாறாகாது. இரண்டாவதை அவருடைய பிற்காலப் படங்களே மறுக்கின்றன.

போருக்குப் பிந்திய படங்கள்

‘காற்றில் ஒரு கோழி’ (1948) என்னும் படத்தை ஓசு, சிங்கப்பூரில் தம்முடன் இருந்த சைத்தோவோடு சேர்ந்து எழுதினார். கணவன் போரிலிருந்து திரும்பாத நிலையில், நோயுற்ற குழந்தையின் மருத்துவச் செலவுக்காக ஓரிரவு தன்னை விற்க நேர்ந்த மனைவியின் கதை அது. திரும்பி வந்த கணவன் சினத்தில் அவளைத் தள்ளிவிட, அவள் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுகிறாள். ஓசுவின் படங்களில் இத்தகைய வன்செயல் மிக அரிது. தாயகம் திரும்புவதற்காக முகாமில் காத்திருந்த இருவர் எழுதிய கதை இது என்பதை உணர்ந்து நோக்கின், அதன் கடுமை விளங்கும்.

1949இல் வெளிவந்த ‘பின்வசந்தம்’ முதல் கடைசிப் படம் வரை கோகோ நோடாவுடன் இணைந்து எழுதிய படங்களில் போர் நேரடியாகக் காட்டப்படுவதில்லை. ஆனால் அது எங்கும் உள்ளது. ‘பின்வசந்தம்’ படத்தின் நாயகி, போர்க்காலக் கட்டாய உழைப்பால் நலிந்த உடல் தேறிவருபவள். ‘கோடைத் தொடக்கம்’ (1951) படத்தின் ஜப்பானியப் பெயர் பார்லி முற்றும் பருவத்தைக் குறிக்கும். அக்குடும்பத்தின் மகன் ஒருவன் போரில் காணாமற்போனவன். அவன் சீனப் போர்முனையிலிருந்து நண்பனுக்கு எழுதிய மடலில் ஒரு பார்லிக் கதிர் இருந்தது. பார்லி வயலின் காட்சியோடு படம் முடிகிறது. ‘டோக்கியோ கதை’யில் ஒனோமிச்சியிலிருந்து வரும் முதிய தம்பதியரைப் பெற்ற பிள்ளைகள் புறக்கணிக்க, போரில் இறந்த இரண்டாம் மகனின் மனைவி நோரிகோவே அன்போடு பேணுகிறாள். அப்படத்தில் வரும் முதியவர் ஒருவர் இரு மகன்களையும் போருக்குப் பறிகொடுத்தவர்.

1952இல் ஓசு, தணிக்கையால் கைவிட்ட ‘பச்சைத் தேநீர்ச் சோற்றின் சுவை’யை மாற்றியெழுதிப் படமாக்கினார். இப்போது கணவன் போருக்குச் செல்லாமல் பணியின் பொருட்டு உருகுவே நாட்டிற்குச் செல்கிறான். இப்படத்தில் சிங்கப்பூர் ஒரு கணம் தலைகாட்டுகிறது. பச்சிங்கோ விளையாட்டுக் கூடம் நடத்தும் முன்னாள் படைவீரர் ஒருவர், தம் பழைய மேலாளரைக் கண்டதும் சிங்கப்பூரைப் பற்றிய போர்க்காலப் பாடலைப் பாடி, அங்குக் கண்ட தென்சிலுவை விண்மீன்களை ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார். ஓசுவின் மனம் விரும்பும் நடிகராகிய சிஷூ ரியூவே அப்பாத்திரத்தை ஏற்றார். நம் மண்ணைப் பற்றி அப்படம் கூறுவது இவ்வளவே: ஒரு பாடல், ஒரு வானம். அவ்வானத்தின் கீழ் வாழ்ந்தவர்கள் அங்கு இல்லை.

ஓசுவின் கடைசிப் படமான ‘சான்மா மீனின் சுவை’ (1962) இதனை மேலும் தெளிவாக்குகிறது. முன்னாள் கடற்படைத் தலைவர் ஒருவரும் அவருக்குக் கீழ்ப் பணியாற்றியவரும் மதுக்கூடத்தில் அமர்ந்து, ஜப்பான் வென்றிருந்தால் என்னாகியிருக்கும் எனப் பேசிக்கொள்கின்றனர். கடற்படை அணிவகுப்பு இசை ஒலிக்கிறது. தோற்றதே நல்லதாயிற்று எனத் தலைவர் மெல்லக் கூற, மற்றவரும் சற்றே எண்ணிப்பார்த்து அதனை ஒப்புக்கொள்கிறார். அறியாமையால் ஆணவம் கொண்டோர் இனி ஆட்டிவைக்க மாட்டார்கள் என்பதே அவர் கண்ட நன்மை. அடுத்த ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், தம் 60ஆம் பிறந்தநாளில், ஓசு புற்றுநோயால் மறைந்தார். கித்தகமக்குராவின் எங்ககுஜி கோயிலில் உள்ள அவருடைய கல்லறையில் பெயர் இல்லை. ‘மு’ என்னும் ஒற்றை எழுத்தே பொறிக்கப்பட்டுள்ளது. இன்மை என்பது அதன் பொருள்.

இருவகை இன்மை

மேற்கூறியவற்றை ஒருங்கே நோக்கும்போது, ஓசுவின் படங்களில் இருவகை இன்மையைக் காண்கிறோம். ஒன்று, இறந்தோரின் இன்மை. காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய், கணவனின் நிழற்படத்தோடு வாழும் நோரிகோ ஆகியோரின் வழி அது பார்ப்போரின் உள்ளத்தைத் தொடுகிறது. இது கலைஞன் அறிந்து அமைத்த இன்மை. காட்டாது விட்டமையாலேயே அது ஆழம் பெறுகிறது.

மற்றொன்று, பிறரின் இன்மை. அம்மகன்கள் சென்ற நாடுகளில் வாழ்ந்தோர், அவர்களால் துன்புற்றோர், அவர்களோடு சேர்ந்து நடந்தோர் எவரும் இப்படங்களில் இல்லை. ஓசு நான்கிங் பகுதியில் இருந்தவர். சிங்கப்பூரில் இந்தியப் படையினரைப் படமெடுக்க முயன்றவர். இரப்பர்த் தோட்டத்தில் தாமே உழைத்தவர். ஆயினும் சீனரோ மலாய்க்காரரோ தமிழரோ அவர் நினைவின் திரையில் தோன்றவில்லை. இவ்வின்மையைக் கலை உத்தி என்று போற்றிவிட முடியாது. அது தோற்ற நாட்டின் பொது மறதியில் அவருக்கிருந்த பங்கு.

வகுப்பறையில் ‘டோக்கியோ கதை’யைக் காட்டும் ஆசிரியர் நம் நாட்டில் ஒரு வினாவை எதிர்கொள்ள நேரலாம். சயாமுக்குச் சென்று திரும்பாத தமிழரின் வழித்தோன்றல்கள், ஜப்பானியப் படைவீரன் ஒருவனின் மனைவிக்காக ஏன் கண்கலங்க வேண்டும்? இவ்வினாவை நாகரிகம் கருதி ஒதுக்கிவிடுதல் கூடாது. நோரிகோவின் துயர் மெய்யானது. அதனை உணர்வதால் நம் இழப்பு சிறுமையடைவதில்லை. தோட்டத்து லயங்களிலும் நோரிகோக்கள் இருந்தனர். அவர்களைப் படமெடுக்க ஓர் ஓசு அமையவில்லை என்பதே வேறுபாடு. படம் முடிந்தபின் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமையாகும்.

முடிவுரை

ஓசுவின் சிங்கப்பூர்க் காலம் அவருடைய கலைவாழ்வில் வெற்றிடமன்று. அமெரிக்கப் படங்களின் அறிமுகத்தையும் தோல்வியின் அனுபவத்தையும் அவர் இங்கிருந்தே கொண்டுசென்றார். அவர் விட்டுச்சென்றது சாம்பலாகிய ஒரு படம். அது முற்றுப்பெற்றிருந்தால் பரப்புரைப் படமாகவே அமைந்திருக்கும். ஆயினும், பாடாங் திடலில் நின்ற தோட்டத்து இளைஞர்கள், பெண்கள் ஆகியோரின் முகங்கள் தேர்ந்த ஒளிப்பதிவாளர் ஒருவரின் கருவியில் பதிந்து நமக்குக் கிட்டியிருக்கக்கூடும். அவ்வாய்ப்பு 1945இல் தீக்கிரையாயிற்று.

ஓசுவைப் பற்றி ஜப்பானியரும் மேனாட்டாரும் நிறைய எழுதியுள்ளனர். பாடாங்கிலும் கெத்தேயிலும் சயாம் பாதையிலும் தம் முன்னோரின் தடங்களைக் காணும் ஆய்வாளர்கள் எழுதவேண்டிய பகுதி ஒன்று இன்னும் எஞ்சியுள்ளது. இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியோரின் வாய்மொழிப் பதிவுகளையும் ஓசு குழுவினரின் நினைவுக் குறிப்புகளையும் ஒப்புநோக்கி ஆராயும் பணி அது. எடுக்கப்படாத படத்தின் கதையையேனும் முழுமையாக எழுதிவைப்பது நம் பொறுப்பாகும்.